கேஸ் ஷீட் சுமப்பவர்கள்

தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு தள்ளுவண்டி வார்டு வார்டாகச் சுற்றி வருகிறது. முந்தைய நாள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவர்கள், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டவர்கள், இறந்துபோனவர்கள் ஆகியோரின் கேஸ் ஷீட்டுகளைச் சேகரித்து எம்.ஆர்.டி.க்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. எம்.ஆர்.டி. என்பது மருத்துவ ஆவணப் பிரிவு. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. இன்சூரன்ஸுக்கோ வழக்குக்கோ காகிதம் தேவைப்படும்போதுதான், பிணவறைக்குப் போகும் வழியில் கம்பி ஜன்னல் வைத்த அந்த அறையைத் தேடி வருவார்கள்.

அங்கே சில நாட்கள் இருந்து பார்க்க அனுமதி கேட்டேன். மருத்துவமனையின் பெயரும் ஊழியர்களின் பெயரும் கட்டுரையில் வரக் கூடாது, எந்தக் கேஸ் ஷீட்டையும் தொடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அந்த நிபந்தனைகளைக் கேட்டபோதே இவர்கள் தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

வண்டியைத் தள்ளுகிறவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வார்டு சிஸ்டர்கள் முதல் ஹவுஸ் சர்ஜன்கள் வரை எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஆண்கள் மருத்துவ வார்டில் சிஸ்டர் மேசையில் அடுக்கி வைத்திருந்த கேஸ் ஷீட்டுகளைக் கையில் எடுத்ததும் முதலில் எண்ணினார். நள்ளிரவுக் கணக்கில் எத்தனை டிஸ்சார்ஜ் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை கேஸ் ஷீட் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தது. ஹவுஸ் சர்ஜன் ஒருவர் சம்மரி எழுதுவதற்காக ட்யூட்டி ரூமுக்கு எடுத்துப் போயிருந்தார். பிறகு அனுப்பி வைக்கிறோம் என்று சிஸ்டர் சொல்லியும் அண்ணன் நகரவில்லை. அந்த இளைஞர் ஓடி வந்து கொடுத்த பிறகுதான் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

“பெறகு தாரேன்னு சொன்ன கேஸ் ஷீட் பெறகு வந்ததே இல்ல சார். ஹாஸ்டல்ல இருக்கும், கார் சீட்ல இருக்கும். எங்க இருக்குன்னு நாம தேடணும்.”

எண்ணி முடித்ததும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டின் முகப்பும் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பி அடுக்கினார். முகப்பில்தான் பெயர், வயது, ஊர், நோயின் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். அடுக்கியதன் மேல் ஆபரேஷன் தியேட்டரில் கழித்துப்போட்ட பச்சைத் துணி. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாடாக் கட்டு. ஒவ்வொரு வார்டிலும் நாடாவை அவிழ்த்துத் துணியை விலக்கி, புதிதாக வந்ததைக் கவிழ்த்து வைத்து மறுபடியும் கட்டினார். எத்தனை வார்டோ அத்தனை முறை. யாரும் அவரை இப்படிச் செய்யச் சொல்லவில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இப்படி ஒரு விதி இல்லை. வண்டியோடு கையேடே வரவில்லை.

ஏன் என்று கேட்டேன். லிஃப்ட் வந்து, நாங்கள் இறங்கி, வராந்தாவில் ஆள் குறைந்த பிறகு சொன்னார். பல வருடங்களுக்கு முன் அவருடைய ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாள். காப்பாற்றி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய கேஸ் ஷீட் வண்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. லிஃப்ட்டில் நின்ற யாரோ ஒருவர் பெயரையும் ஊரையும் படித்துவிட்டார். அவளுக்கு வயிற்று வலி என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் ஊர் திரும்புவதற்குள் ஊரே பேசி முடித்துவிட்டது. நிச்சயமாகியிருந்த கல்யாணமும் நின்றது.

“வண்டி தள்ளினது நான். அவங்க அப்பா இப்பவும் என்னைப் பார்த்தா நல்லா இருக்கியாப்பான்னுதான் கேப்பாரு. அவருக்குத் தெரியாது.”

அன்றிலிருந்துதான் இந்தப் பச்சைத் துணி. கேன்டீன் வழியாகப் போனால் தூரம் பாதி. ஆனாலும் அந்த வழியில் அவர் போவதில்லை. நடுவழியில் டீ கிடையாது, நின்று பேசுவது கிடையாது. எலும்பு முறிவு வார்டின் வாசலில் இரண்டு பேர் அண்ணனுக்கு வணக்கம் வைத்தார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள். எந்த ஊர், என்ன வண்டி மோதியது, எந்தக் கால் என்று ஒரு வரி கிடைத்தாலும் அவர்களுக்கு அது காசு. அண்ணன் பதில் வணக்கம் வைத்துவிட்டு வேகத்தைக் குறைக்காமல் கடந்தார்.

எம்.ஆர்.டி.க்குள் மறுபடியும் எண்ணிக்கை. அதன் பிறகு கேஸ் ஷீட் ஒவ்வொன்றாகப் பிரிந்து சேர்கிறது. துருப்பிடிக்கும் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, பக்கங்களை வரிசைப்படுத்தி, டேக் கோர்க்கிறார்கள். டாக்டரின் கையெழுத்து விடுபட்டிருந்தால் தனியாக எடுத்து வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலைப் பார்த்து நோய்க்குக் குறியீடு போடுகிறார்கள். இ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாவது. சில ஆண்டுகளில் மங்கி வெற்றுத் தாளாகிவிடும் என்பதால் அதை நகலெடுத்து உடன் வைக்கிறார்கள்.

இந்த அறையை நடத்துகிறவர் ஜிப்மரில் ஆவண டெக்னீசியன் பயிற்சி முடித்த ஒரு பெண்மணி. உதவியாளர்கள் அவரை மேடம் என்று அழைத்தாலும் வண்டி அண்ணனுக்கு அவர் பாப்பா. இங்கே வேலைக்கு வந்ததும் அவர் முதலில் மாற்றியது அடுக்கும் முறையைத்தான். முன்பெல்லாம் சேர்ந்த தேதி வரிசையில் ரேக்கில் வைத்திருந்தார்கள். இப்போது எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து அடுக்குகிறார்கள். 24-17-63 என்ற எண்ணுள்ள கேஸ் ஷீட் 63ஆம் ரேக்குக்குப் போகும். அங்கே 17ஆம் பிரிவு. அதற்குள் 24ஆவது இடம். வேலை எல்லா ரேக்குகளிலும் சமமாகப் பரவுகிறது என்பது பாடப்புத்தகம் சொல்லும் காரணம். அவர் சொன்ன காரணம் வேறு.

“தேதி வரிசையில இருந்தா, விபத்து என்னைக்கு நடந்துச்சுன்னு தெரிஞ்ச எவனும் நேரா போய் அந்தக் கட்டை உருவிரலாம் சார். இப்ப அடுத்தடுத்து சேர்ந்த ரெண்டு பேரோட கேஸ் ஷீட் பக்கத்துப் பக்கத்துல இருக்காது. நம்பர் தெரியாம யாராலயும் எடுக்க முடியாது. நம்பர் எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.”

ரேக்கிலிருந்து ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் ஓர் அட்டை நிற்க வேண்டும். ட்ரேசர் கார்டு என்கிறார்கள். யார் கேட்டார், எதற்காக, என்று, யாரிடம் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் இருந்தபோது ஒரு போலீஸ் ஏட்டு காயச் சான்றிதழ் விவரம் கேட்டு ஜன்னலில் வந்து நின்றார். பழகிய முகம். வாங்க ஏட்டையா என்று உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விசாரணை அதிகாரியின் கடிதம் நிலைய மருத்துவ அலுவலர் வழியாக வந்தால் உடனே தருவதாகச் சொல்லி அனுப்பினார் மேடம். ஏட்டுக்குக் கோபம்தான். கடிதத்தோடு மதியம் வந்தார், வாங்கிப்போனார்.

அறையின் மூலையில் இரண்டு பூட்டுகள் போட்ட இரும்பு பீரோ ஒன்று இருக்கிறது. சாவிகள் இரண்டு பேரிடம். காவல்துறை வழக்குகள், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். இந்தப் பீரோவைக் கடக்கும்போதெல்லாம் உதவியாளர்கள் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கருக்கலைப்பு ஆவணங்கள் இந்த அறைக்கு வருவதே இல்லை. அதற்கான விதிகள் என்னை மிகவும் கவர்ந்தன. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறைகளின்படி, பெண்ணின் ஒப்புதல் படிவத்தையும் டாக்டரின் கருத்தையும் ஓர் உறையில் போட்டு மூடி முத்திரையிட வேண்டும். உறையின் மேல் இரகசியம் என்று எழுத வேண்டும். மருத்துவமனைத் தலைவரின் காவலில் அது இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் அனுமதிப் பதிவேடு ஒன்றில் மட்டும் இருக்கலாம். கேஸ் ஷீட், தியேட்டர் ரெஜிஸ்டர் என்று மற்ற எந்தத் தாளிலும் பெயர் கூடாது, வரிசை எண் மட்டும்தான். பதிவேட்டை 5 ஆண்டுகளிலும் மற்றத் தாள்களை 3 ஆண்டுகளிலும் அழித்துவிட வேண்டும். கணினி எட்டிப் பார்க்காத காலத்திலேயே, பெயரை ஓரிடத்தில் பூட்டிவிட்டு எண்ணை மட்டும் நடமாட விடலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை மற்ற நோயாளிகளுக்கும் ஏன் நீளவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

எச்.ஐ.வி. விஷயத்தில் நீண்டது. ஆனால் தாமதமாக. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். ரத்த மாதிரிகளை நிர்மலா சென்னையிலிருந்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்த மூன்று எழுத்து ஒருவரை என்னவெல்லாம் செய்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். சோதனை முடிவு வெளியே தெரிந்து கல்யாணம் நின்று, சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன ஒருவர் இழப்பீடு கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 1998இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலம் பெரிது என்றது. அந்த முடிவை இங்கே விவாதிக்கப் போவதில்லை. சட்டப் புத்தகங்கள் அந்த மனிதரைப் பொதுவாக மிஸ்டர் எக்ஸ் என்று குறிக்கின்றன. அந்தத் தயவு கிடைக்கும்போது அவர் வாழ்க்கை ஏற்கெனவே கலைந்துவிட்டது.

இன்று எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொருவருக்கும் வெள்ளை அட்டை என்று ஓர் ஆவணம் இருக்கிறது. அது மையத்தின் பூட்டிய பீரோவை விட்டு வெளியே வராது. நோயாளி கையில் பச்சைப் புத்தகம். ஆனால் பழைய ரேக்குகளில் உள்ள பொது வார்டுக் கேஸ் ஷீட்டுகளில், முகப்பில் அந்த மூன்று எழுத்தைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிய காலத்துக் கட்டுகள் இருக்கின்றன. மேடம் அவற்றை எல்லாம் தேடி எடுத்து, முகப்பின் மேல் இன்னொரு வெற்றுத் தாளை வைத்துத் தைத்திருக்கிறார். எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது, ஆவணத்தைத் திருத்தியதாகிவிடும். மறைக்கலாம். தைத்த நூல்களின் வரிசையைத்தான் எனக்குக் காட்டினார், தாளைத் தூக்கவில்லை.

கோர்ட்டுக்கு மூலக் கேஸ் ஷீட்டை எடுத்துப் போகும் எழுத்தருடன் ஒரு நாள் பயணம் செய்தேன். வேலை முதல் நாளே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் எண் போடுகிறார். முன்னால் ஒரு தாள் வைத்து மொத்தம் எத்தனை பக்கம், அதில் வெற்றுப் பக்கம் எத்தனை என்று எழுதி நிலைய மருத்துவ அலுவலரின் கையெழுத்து வாங்குகிறார். வெற்றுப் பக்கத்துக்குக் கணக்கு எதற்கு? போகிற வழியில் அதில் யாராவது எதையாவது எழுதிவிட்டால்? ஆகவே வெற்றுப் பக்கங்களில் குறுக்குக் கோடு போட்டுச் சுருக்கொப்பம் இடுகிறார். பிறகு அறைக்குள் இருக்கும் சொந்த மெஷினில் முழுதும் ஒரு நகல். வெளி ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பக்கம்கூடப் போகக் கூடாது என்பது இங்கே கட்டாயம். கடையில் கோணலாக விழுந்த நகலைக் கசக்கிக் கூடையில் போடுவார்கள். அந்தக் கூடை மறுநாள் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

நகல் ரேக்கில் ட்ரேசர் கார்டோடு உட்கார, மூலத்தைப் பழுப்புத் தாளில் சுற்றி, காடாத் துணி உறையில் போட்டு, கோணி ஊசியால் தைத்து, மூட்டும் இடங்களில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். மெழுகுவத்தியில் அரக்குக் குச்சியைக் காட்டி, சொட்டு விழுந்து இறுகுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்தி எடுக்கும் நேரம் அவருடைய விரலுக்குத் தெரியும். கொஞ்சம் முந்தினால் அரக்கு முத்திரையோடு வந்துவிடும். பிந்தினால் எழுத்து பதியாது. பித்தளை முத்திரை வேலை முடிந்ததும் மேடத்தின் மேசை டிராயருக்குத் திரும்பிவிட்டது.

மறுநாள் காலை அரசுப் பேருந்து. கடைசி வரிசைக்கு முந்தைய இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பை மடியில், கைப்பிடி மணிக்கட்டில் சுற்றியபடி. மேலே பை வைக்கும் கம்பிப் பலகை காலியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“என்ன தம்பி, பையைக் குழந்தை மாதிரி வச்சிருக்க?”

“ஆபீஸ் பேப்பர்ங்க ஐயா.”

“எந்த ஆபீஸ்?”

“கெவர்மெண்டு ஆபீஸ்தான்.”

மருத்துவமனை என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த வார்டு என்று வரும். அதற்கு அடுத்தது யாருடைய கேஸ் என்பது. வழியில் பேருந்து டீக்கடையில் நின்றபோது நான் இறங்கினேன், அவர் இறங்கவில்லை. காலையிலிருந்து தண்ணீர் அளவாகத்தான் குடித்திருக்கிறார். கழிவறைக்குப் போனாலும் பையோடுதான் போக வேண்டும், எங்கே வைப்பது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் ஜூனியர் வக்கீல் ஒருவர் அடையாளம் கண்டு வந்தார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தருகிறேன், அட்மிஷன் நோட் மட்டும் போதும் என்றார். எழுத்தர் எழுந்து நின்று, கோர்ட்டில் கேளுங்கள் சார் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். வழக்கு மதியத்துக்கு மேல் அழைக்கப்பட்டது. சாட்சி சொல்ல வேண்டிய டாக்டர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருந்தார், வரவில்லை. வாய்தா. முத்திரை உடைபடாமலேயே பை திரும்பியது. அடுத்த மாதம் இதே வேலை மறுபடியும். அன்றைய பயணப்படிக்கு எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும் சார் என்று மட்டும் சொன்னார்.

இந்த அளவு கவனம் மிகையானதா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2009 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஊழியர் ஒருவர் வீட்டில் வேலை பார்ப்பதற்காக நோயாளிகளின் தாள்களை எடுத்துப் போனார். சுரங்க ரயிலில் பையிலிருந்து எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார். உறை கிடையாது, ஒரு ரப்பர் பேண்ட்தான். இறங்கும்போது மறந்துவிட்டார். 192 நோயாளிகளின் விவரங்கள், அதில் எச்.ஐ.வி. சிகிச்சை பெற்றவர்களும் அடக்கம். தாள்கள் கிடைக்கவே இல்லை. 2011இல் அந்த மருத்துவமனை 10 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. உலகப் புகழ் பெற்ற அந்த மருத்துவமனையிடம் அன்று இல்லாமல் போனது இந்த எழுத்தரிடம் இருக்கிறது. அவருக்கு யாரும் ஒரு பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்ததில்லை.

திருட்டைவிட இவர்களை அதிகம் வாட்டுவது நீர்தான். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மழையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்து ரேக்குகளின் கீழ்த்தட்டு முழுகியது. நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வெயில் வந்ததும் மொட்டை மாடியில் பரப்பிவிடலாம் என்று மேலதிகாரி ஒருவர் சொன்னாராம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். மேடம் மறுத்திருக்கிறார். எதிரே நர்சிங் ஹாஸ்டல், பக்கத்தில் செல்போன் டவர் வேலைக்கு வந்தவர்கள், காற்று அடித்தால் தெரு. ஆயிரக்கணக்கான மனிதர்களின் நோயைக் கூரையில் காயப் போட முடியாது என்றார்.

பயன்படாமல் கிடந்த பழைய வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஜன்னலை உள்ளே தெரியாதபடி துணி போட்டு மறைத்து, எங்கெங்கிருந்தோ ஃபேன்களைக் கொண்டுவந்து, கொடி கட்டி, கிளிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நனைந்த கட்டை உடனே பிரிக்கக் கூடாது, கிழிந்துவிடும். செங்குத்தாக நிறுத்தித் தண்ணீர் வடிய விட வேண்டும். பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள் வைக்க வேண்டும். பழைய செய்தித்தாள் வைத்தால் அச்சு மை ஒட்டிக்கொள்ளும் என்று பத்திரிகை அச்சகத்திலிருந்து அச்சடிக்காத தாள் ரோல் வாங்கி வந்தார்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது தப்பியது. ஜெல் பேனாவில் எழுதியது நீலமாகக் கரைந்து ஓடிவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிம்கள் ஒன்றோடொன்று காய்ந்து ஒட்டிவிட்டால் பிரிக்கவே முடியாது. அதனால் அவற்றை மட்டும் சுத்தமான தண்ணீரிலேயே ஊற விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இதை எல்லாம் செய்தவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுடைய வீடுகளிலும் அப்போது தண்ணீர் நின்றது.

இப்போது எந்த ரேக்கிலும் கீழ்த்தட்டில் எதுவும் வைப்பதில்லை. வார்டுகளுக்கு ஜெல் பேனா வேண்டாம் என்று சுற்றறிக்கை கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கரையானுக்கு ரேக் கால்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். இராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் உயிர் என்பதால் மைதாப் பசை இந்த அறைக்குள் வராது. கிழிந்ததை நூலால்தான் தைக்கிறார்கள்.

கடைசியாக அழிப்பு. உள்நோயாளியின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். வழக்கு உள்ளவை அதற்கு மேலும் இருக்கும். காலம் முடிந்தவற்றுக்குப் பட்டியல் போட்டு, குழு கூடி, ஒப்புதல் வாங்கி, பிறகு அழிக்க வேண்டும். இங்கேதான் பல மருத்துவமனைகள் கோட்டை விடுகின்றன. இத்தனை வருடம் பூட்டிக் காத்ததைக் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். 2024இல் மும்பையில் ஒரு பெரிய மாநகராட்சி மருத்துவமனையின் நோயாளிகள் பெயரோடு காகிதத் தட்டுகள் வெளியே வந்தன. துண்டாக்காமல் எடைக்குப் போட்ட ஸ்கேன் உறைகள் அவை என்று பிறகு விளக்கம் வந்தது. நான் பார்த்த அறையில் துண்டாக்கும் மெஷின் ஒன்றுதான், அதுவும் பழுது. ஆகவே அழிக்க வேண்டிய கட்டுகள் அழிக்கப்படாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எடைக்குப் போட மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. புதிய மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். முன்பும் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று வெளியே வந்ததும் நண்பர் ஒருவர் கேட்டார். ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஸ்கேன் செய்வதற்காகக் கட்டை அவிழ்த்து வரிசையாகப் பரப்பும் நாள்தான் தாள்களுக்கு ஆபத்தான நாள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்குதலில் முடங்கியபோது நாட்டின் முதன்மை மருத்துவமனையே கையால் எழுதும் காகிதத்துக்குத் திரும்பியது. காகிதம் இன்னும் நெடுங்காலம் நம்மோடு இருக்கும். சுமக்கும் கைகளும் இருக்கும்.

அந்தக் கைகளுக்குச் சட்டம் என்ன செய்திருக்கிறது? 2023இல் வந்த தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது. ஆனால் அது கணினியில் பெற்ற தகவலுக்கும் பின்னர் கணினியில் ஏற்றிய தகவலுக்கும் மட்டும்தான் பொருந்தும். காகிதமாகவே இருக்கும் கேஸ் ஷீட் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. நம் மருத்துவமனைகளில் மிக ஏழையான நோயாளியின் கதை காகிதத்தில்தான் இருக்கிறது. இது அநியாயம். வழி தெரியாமலும் இல்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தகவல் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருந்தாலும் அதற்குப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த வாசகத்தை எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக்க வேண்டும். அதுவரை மாநில அரசு ஓர் உத்தரவிலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. வண்டிக்குப் பூட்டுள்ள மூடி, மேல்தளத்தில் அறை, ஓடுகிற துண்டாக்கும் மெஷின், கோர்ட்டுக்குப் போகிறவருக்கு அன்றே பயணப்படி, ஒப்பந்தத் தொழிலாளருக்கு முறையான பயிற்சியும் நிரந்தர வேலையும். ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கும் செலவில் பல மருத்துவமனைகளுக்கு வண்டி மூடியும் துண்டாக்கும் மெஷினும் வாங்கிவிடலாம்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அது உங்கள் உரிமை. அடையாள அட்டையோடு போய்த் தயங்காமல் கேளுங்கள். கடிதம் எங்கே, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் கேட்டால் கோபப்படாதீர்கள். நாளை உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் அதே ஜன்னலில் வந்து நிற்கும்போதும் அவர் அதையேதான் கேட்பார்.